மறைத்தலும் வெளிப்படுத்தலும்: தமிழ் மர்மத் திரைப்படங்களின் எடுத்துரைப்பு (1954–1970)

திரைப்படத்தை இலக்கிய ஆய்வின் எல்லைக்குள் கொணர்வதில் தமிழ்த் துறைகளுக்கு நெடுங்காலம் தயக்கம் இருந்தது. தயக்கம் நீங்கிய பின்னரும் ஆய்வாளர் கவனம் திரைப்பாடல்களின் மீதும் உரையாடல்களின் மீதும் சமூகக் கருத்துகளின் மீதுமே பெரிதும் குவிந்தது. ஏட்டில் எழுதிப் படிக்கத்தக்க பகுதிகள் அவையே என்பது அதற்கு ஒரு காரணமாகலாம். இதனால் பாடல் இல்லாத படமும், உரையாடலைக் காட்டிலும் நிழலையும் மௌனத்தையும் நம்பிய படமும் ஆய்வின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. மர்மப் படங்கள் பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லால் ஒதுக்கப்பட்டன. ஆனால் ஒரு செய்தியை யாருக்குச் சொல்வது, யாரிடமிருந்து மறைப்பது, எப்போது அவிழ்ப்பது என்பன எடுத்துரைப்பியலின் அடிப்படை வினாக்கள். அவற்றை மர்மப் படங்களைப் போல வெளிப்படையாக எதிர்கொண்ட வகை தமிழ்த் திரையில் வேறில்லை. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) என்னும் படத்தை நடுவாகக் கொண்டு அவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

மர்மக் கதை தமிழுக்குத் திரைப்படத்தின் வழியாக வந்ததன்று. பண்டித நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்துக் குற்றக் கதைகளை எழுதியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆகும். அடுத்த தலைமுறையில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் இவ்வகை நாவலைப் பெருவாரியான வாசகரிடம் கொண்டு சேர்த்தனர். தமிழ்த் திரை பேசத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் இவர்தம் நாவல்கள் படமாயின. ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1935இலும் மீண்டும் 1951இலும் படமாயிற்று. வடுவூராரின் 'மேனகா' 1935இலும் 'திகம்பர சாமியார்' 1950இலும் திரைக்கு வந்தன. எனினும் இப்படங்களில் மர்மம் என்பது பெரிதும் கதைப் பொருளாகவே நின்றது. மாறுவேடம், ஆள்கடத்தல், இரகசிய அறை எனப் பொருள்கள் மர்மமானவையாக இருந்தனவே தவிர, கதை சொல்லப்பட்ட முறை புராணப் படத்தின் முறையிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பாடல் ஒன்று வந்து நின்றது.

மர்மம், சஸ்பென்ஸ் என்னும் இரு சொற்களையும் பொதுவழக்கில் ஒன்றாகவே கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. ஆங்கில இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் 1962இல் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கையில் அடியில் இருந்த குண்டு திடீரென வெடித்தால் பார்வையாளர் அடைவது ஒரு கணத்து அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் பார்வையாளருக்கு முன்னரே தெரிந்து, பேசுவோருக்கு மட்டும் தெரியாதிருந்தால், அதே சாதாரணப் பேச்சு தாங்கவொண்ணாத தவிப்பாகிவிடும். மர்மம் அறியாமையிலிருந்து பிறக்கிறது. தவிப்பு அறிவிலிருந்து பிறக்கிறது.

இதனைத் தமிழ் மாணவருக்கு விளக்க அயல்நாட்டு மேசை வேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைப் புகாரிலேயே கூறிவிடுகிறாள். மதுரை மதிலின் கொடிகள் வாராதே எனக் கைகாட்டுவனபோல் அசைகின்றன. கொலைக்களக் காதையில் பொற்கொல்லனே அரசியின் சிலம்பைத் திருடியவன் என்பது நமக்குத் தெரிகிறது, கோவலனுக்குத் தெரியவில்லை. அவன் பணிவுடன் பேசுகிறான், தன் சிறுகுடிலில் கோவலனை இருக்கச் சொல்லிவிட்டுச் செல்கிறான். அந்தச் சில அடிகளை நாம் படிக்கும் நிலை மேசைக்கு அடியில் குண்டு இருப்பதை அறிந்தவரின் நிலையே. இளங்கோவடிகள் கோவலன் இறப்பானா என்ற ஐயத்தைச் சிறிதும் விட்டுவைக்கவில்லை. எப்போது, எவ்வாறு என்பதையே நீட்டுகிறார். தொல்காப்பியர் அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கைக் கூறுவர். கோவலன் கதையில் கள்வனும் இறையும் ஒருங்கே நிற்பது கருதத்தக்கது. திரைப்பட உத்திகள் எல்லாம் நம் பழைய நூல்களில் உள்ளன என்று நிறுவும் ஆர்வம் இக்கட்டுரைக்கு இல்லை; அத்தகைய ஆய்வுகள் போதிய அளவு வந்துவிட்டன. எடுத்துரைப்பின் அடிப்படைச் சிக்கல் ஊடகம் மாறினும் மாறாது என்பதைச் சுட்டுவதே நோக்கம்.

'அந்த நாள்' 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று வெளியாயிற்று. ஏவி.எம். நிறுவனத்தின் தயாரிப்பு. திரைக்கதை, உரையாடலை எழுதிய ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். ஒளிப்பதிவு மாருதிராவ். இயக்குநர் பாலசந்தருக்கு அப்போது வயது 27. அவரை இன்று பலரும் வீணைக் கலைஞராகவே அறிவர். வீணையில் தனக்கென ஒரு பாணியை வகுத்துக்கொண்ட அந்த இசைஞர், பாடலோ நடனமோ சண்டைக் காட்சியோ இல்லாத முதல் தமிழ்ப் படத்தை எடுத்தார் என்பது நம் திரை வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்று.

கதை 1943ஆம் ஆண்டு அக்டோபரில், சப்பானிய விமானம் சென்னையின் மீது குண்டு வீசிய நாளையொட்டி நிகழ்கிறது. ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறான். அவனாக நடித்தவர் சிவாஜி கணேசன். படம் தொடங்கிய சில நிமிடங்களில் நாயகன் பிணமாகிவிடுகிறான். எஞ்சிய படம் முழுவதும் அவன் பிறர் நினைவுகளில் மட்டுமே நடமாடுகிறான். அண்டை வீட்டுச் சின்னையா, தம்பி பட்டாபி மீது ஐயம் கொள்கிறான். பட்டாபியின் ஐயம் தன் மனைவி ஹேமா மீதே விழுகிறது. ஹேமா, ராஜனோடு தொடர்பு கொண்டிருந்த அம்புஜத்தைச் சுட்டுகிறாள். அம்புஜம் சின்னையாவைச் சுட்டுகிறாள். ஐயம் ஒரு வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. வட்டத்துக்கு வெளியே, யாரும் சுட்டாத ஒருத்தி எஞ்சுகிறாள். அவள் ராஜனின் மனைவி உஷா.

இப்படத்தைக் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் அகிரா குரோசாவாவின் 'ரஷோமான்' (1950) படத்தின் தமிழ் வடிவம் என ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். 'ரஷோமான்' 1951இல் வெனிஸ் விழாவில் உயரிய பரிசு பெற்று உலகின் கவனத்தை ஈர்த்த படம். பாலசந்தர் ஒரு திரைப்பட விழாவில் அதனைக் கண்டு ஊக்கம் பெற்றார் என்பதும் உண்மையே. ஆயினும் ஊக்கம் வேறு, அமைப்பு வேறு. 'ரஷோமான்' படத்தில் ஒரே நிகழ்ச்சி நான்கு வாய்களில் நான்கு விதமாகச் சொல்லப்படுகிறது. கொள்ளைக்காரன் தானே கொன்றதாகக் கூறுகிறான். இறந்தவனின் மனைவி தன் கையிலிருந்த கத்தியே காரணமாகலாம் என்கிறாள். இறந்தவனின் ஆவியோ தற்கொலை என்கிறது. பழியை ஒவ்வொருவரும் தம்மீது ஏற்றுக்கொள்ளும் விந்தை அது. இறுதிவரை உண்மை எது என்பது உறுதியாவதில்லை. 'அந்த நாள்' படத்திலோ ஒவ்வொருவரும் பழியைப் பிறர்மீது ஏற்றுகின்றனர். அவர்கள் கூறுவனவும் ஒரே நிகழ்ச்சியின் மாறுபட்ட வடிவங்கள் அல்ல. ராஜன் என்ற ஒரே மனிதனின் வெவ்வேறு முகங்கள். உண்மையும் இறுதியில் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படுகிறது. இவ்வகையில் ஆந்தனி ஆஸ்குவித் இயக்கிய 'தி வுமன் இன் கொஸ்டின்' (1950) என்னும் ஆங்கிலப் படமே இதற்கு அணுக்கமானது. அங்கும் கொலையுண்ட ஒருத்தியை ஐவர் ஐந்து விதமாக நினைவுகூர்கின்றனர். திரை ஆய்வாளர் சிலர் இவ்வொற்றுமையை முன்னரே சுட்டியுள்ளனர். 'ரஷோமான்' எழுப்புவது உண்மையை அறிய இயலுமா என்ற வினா. 'அந்த நாள்' எழுப்புவது உடன் வாழ்ந்த மனிதனை நாம் அறிந்திருக்கிறோமா என்ற வினா. குடும்பத்தை நடுவாகக் கொண்ட தமிழ்த் திரைமரபில் இரண்டாவது வினாவே அதிகம் சுடும்.

மறைத்தலுக்குப் படம் கையாளும் முதற்கருவி நடிகரே. 'பராசக்தி' (1952) வெளிவந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்படத்தில் சிவாஜி கணேசனுக்கு இணையாகத் தோன்றிய பண்டரிபாயே இங்கு உஷா. திரையரங்கில் அமர்ந்தவர் இவ்விருவரையும் முன்பே ஓர் இணையாக மனத்தில் கொண்டிருந்தனர். 'திரும்பிப் பார்' (1953) போன்ற படங்களில் சிவாஜி எதிர்மறைப் பாத்திரம் ஏற்றதுண்டு. எனினும் படத் தொடக்கத்திலேயே இறந்துகிடக்கும் நாயகன்மீது பார்வையாளருக்கு இயல்பாக எழுவது இரக்கம். கொலையுண்டவன் நல்லவன், கொன்றவன் தீயவன் என்ற முற்கோளும் எழும். அம்முற்கோளைக் கதை ஒருபோதும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பார்வையாளரே அதனைக் கொண்டுவருகிறார். நாம் கொலையாளியைத் தேடிக்கொண்டிருக்கையில் படம் மறைத்து வைத்திருப்பது கொலையுண்டவனின் குற்றத்தை. ராஜன் நாட்டின் இரகசியங்களைச் சப்பானியருக்கு விற்றவன் என்பதும், நாட்டுப்பற்று மிக்க உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவன் உயிரைப் பறித்தது என்பதும் ஒருசேர வெளிப்படுகின்றன. யார் கொன்றார் என்ற வினாவுக்குப் பின்னால் யார் கொல்லப்பட்டார் என்ற வினா ஒளிந்திருந்தது. மர்மக் கதையின் மரபான அமைப்பைப் பாலசந்தர் மாற்றிய இடம் இதுவே.

இரண்டாவது கருவி ஒளி. மாருதிராவின் ஒளிப்பதிவில் இருள் வெறும் பின்புலமன்று. முகத்தின் ஒரு பாதியை ஒளியிலும் மறுபாதியை நிழலிலும் நிறுத்தும் முறை, நாற்பதுகளின் அமெரிக்கக் குற்றப் படங்களிலும் அவற்றுக்கு முந்திய ஜெர்மானியப் படங்களிலும் வளர்ந்தது. தமிழில் அதுவரை இருள் பேய் வரும் காட்சிக்கோ திருடன் வரும் காட்சிக்கோ உரியதாக இருந்தது. இங்கே நடுத்தரக் குடும்பத்தின் கூடமும் படுக்கையறையுமே இருண்டு நிற்கின்றன. போர்க்காலச் சென்னையின் இருட்டடிப்பு ஆணையை நினைவில் கொண்டவர்களுக்கு 1954இல் அவ்விருள் செயற்கையாகத் தோன்றியிராது.

மூன்றாவது, பாடலின்மை. இதனைப் புதுமை விருப்பம் என்றோ சிக்கனம் என்றோ கடந்துவிடலாகாது. தமிழ்த் திரையில் பாடல் செய்யும் பணிகளுள் ஒன்று பாத்திரத்தின் அகத்தைத் திறந்து காட்டுவது. உரையாடலில் பொய் சொல்லும் பாத்திரமும் பாடலில் பொய் சொல்வதில்லை என்பது நம் பார்வையாளர் உள்வாங்கிக்கொண்ட எழுதப்படாத விதி. தலைவி தனியே பாடினால் அவள் நெஞ்சில் உள்ளது அதுவே. இவ்விதி நிலவும் ஒரு மரபில் உஷாவுக்கு ஒரு பாடலைக் கொடுத்திருந்தால் மர்மம் அங்கேயே அவிழ்ந்திருக்கும். பொய்ப் பாடலைக் கொடுத்திருந்தால் பார்வையாளர் ஏமாற்றப்பட்டதாகக் கருதியிருப்பர். ஆகவே பாடலை நீக்கியது அலங்காரத்தை நீக்கியது ஆகாது. அகத்துக்குச் செல்லும் வாயிலை அடைத்ததாகும். அம்புஜம் நடனக்காரி. அவளைக்கூட ஆடவிடாத கண்டிப்பு இப்படத்தில் இருக்கிறது. அதே 1954இல் இந்தியில் கே.ஏ. அப்பாஸ் 'முன்னா' என்ற பாடலற்ற படத்தை எடுத்தார், 1960இல் பி.ஆர். சோப்ராவின் 'கானூன்' வந்தது. 'கானூன்' நீதிமன்றத்தில் நிகழும் கொலைக் கதை என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

இவ்வளவு துணிவுக்குக் கிடைத்த பயன் கலவையானது. முதல் வெளியீட்டில் படம் எதிர்பார்த்த வசூலை ஈட்டவில்லை. பின்னர் தேசியத் திரைப்பட விருதுகளில் இரண்டாவது சிறந்த தமிழ்ப் படத்துக்குரிய தகுதிச் சான்றிதழைப் பெற்றது. அவ்வாண்டின் முதற்பரிசு 'மலைக்கள்ளன்' படத்துக்குச் சென்றது.

உத்திகளைக் கடந்து படத்தின் முடிவு எழுப்பும் ஒரு சிக்கலையும் இங்கே குறிப்பிட வேண்டும். கணவனுக்காக அரசை எதிர்த்தவள் கண்ணகி. நாட்டுக்காகக் கணவனை எதிர்த்தவள் உஷா. சிலம்பின் கதைத் தலைவியைக் கற்பின் உருவாகப் போற்றிய ஒரு காலத்தில், அதற்கு நேர்மாறான ஒருத்தியை நாயகியாக நிறுத்த விடுதலைக்குப் பிந்திய தேசிய உணர்வு இடந்தந்தது. ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. கதை நிகழும் அதே 1943 அக்டோபரில், 21ஆம் நாள், சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். சப்பானியர் துணையோடு இயங்கிய இந்திய தேசிய இராணுவத்தில் மலேயாத் தமிழர் பெருமளவில் சேர்ந்தனர். அவர்களைத் துரோகிகள் என்று 1954இன் பார்வையாளர் எவரும் கருதியிருக்க மாட்டார். சப்பானியருக்கு உதவிய ராஜன் மட்டும் துரோகி ஆவது எவ்வாறு? பணத்துக்காகச் செய்த ஒற்று வேலை என்பதாலும், தன் ஊரின் மீதே குண்டு விழ வழிசெய்தது என்பதாலும் என விடை கூறலாம். அவ்விடை பெரிதும் பொருந்துவதே. எனினும் அன்னிய ஆட்சியின் காவல்துறை நாட்டுப்பற்றின் சார்பில் துப்பறிகிற ஒரு கதையில் யாருடைய நாடு காக்கப்படுகிறது என்ற வினா முற்றிலும் அடங்குவதில்லை. படம் எந்த மர்மத்தை அவிழ்க்கிறதோ அதைவிட அவிழ்க்காமல் விட்ட இந்த முடிச்சே எனக்கு வலுவானதாகப் படுகிறது.

பத்தாண்டுகள் கழித்துப் பாலசந்தர் தயாரித்து இயக்கி, இசையமைத்து, நடித்த 'பொம்மை' (1964) எதிர்த் திசையில் செல்லும் படம். வணிகப் பங்காளி ஒருவரைக் கொல்வதற்காக வெடிகுண்டு வைக்கப்பட்ட பொம்மை, போகவேண்டிய கையை விட்டு வேறு கைகளுக்கு இடம்பெயர்கிறது. சூழ்ச்சி செய்தவர் யார், பொம்மைக்குள் இருப்பது எது என அனைத்தும் நமக்கு முன்னமே தெரியும். 'அந்த நாள்' நம்மிடம் மறைத்ததை எல்லாம் 'பொம்மை' முதலிலேயே சொல்லிவிடுகிறது. ஹிட்ச்காக்கின் 'சபோட்டாஜ்' (1936) படத்தில் குண்டு இருப்பதை அறியாத சிறுவன் அதனைச் சுமந்துகொண்டு பேருந்தில் செல்வான். அது வெடித்து அவன் இறப்பான். அச்சிறுவனைக் கொன்றது தவறு என்று பின்னாளில் ஹிட்ச்காக்கே கருதினார். பார்வையாளரை அவ்வளவு தவிக்கவிட்ட பின் அத்தவிப்புக்கு விடுதலை அளிக்காதது பிழை என்பது அவர் முடிவு. 'பொம்மை' படத்தில் பாடல்கள் உண்டு. எல்லாம் தெரிந்துவிட்ட பிறகு பாடல் எதனையும் காட்டிக்கொடுப்பதில்லை. மாறாகக் காலத்தைக் கடத்துகிறது. பொம்மைக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில் ஒருவர் பாடுவது தவிப்பை மிகுவிக்கிறது. தமிழ்த் திரைக்கு ஜேசுதாசை அறிமுகப்படுத்திய பாடல் இப்படத்தில் ஒலித்தது என்பது இசை வரலாற்றுக்குரிய செய்தி. படத்தின் இறுதியில் இயக்குநர் தாமே தோன்றித் தம் கலைஞர்களையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் அறிமுகம் செய்வார். இவ்வளவு நேரம் உங்களைத் தவிக்கவைத்தவர்கள் இவர்களே என்று திரைக்குப் பின்னிருந்தவர்களை முன்நிறுத்தும் அச்செயல், மறைத்தலைத் தொழிலாகக் கொண்டவர் செய்த கடைசி வெளிப்படுத்தல்.

அதே 1964இல் தாதா மிராசியின் இயக்கத்தில் வந்த 'புதிய பறவை' மூன்றாவது வழியைக் காட்டிற்று. இதன் பயணமே ஒரு கதை. 'சேஸ் எ குரூக்கட் ஷேடோ' (1958) என்ற ஆங்கிலப் படம் வங்காளத்தில் 'சேஷ் அங்க' (1963) ஆகி, அடுத்த ஆண்டே தமிழுக்கு வந்தது. வண்ணத்தில் எடுக்கப்பட்ட இப்படத்தில் இருளுக்கு வேலை குறைவு. பகலொளியில், செல்வச் செழிப்பில், பாடல்களுக்கு நடுவே மர்மம் நிகழ்கிறது. கோபால் தன் முதல் மனைவி சித்ராவின் மறைவைப் புதிய காதலி லதாவிடம் கூறுகிறான். பிறகு, இறந்தவளாகக் கருதப்பட்ட சித்ரா உயிரோடு வந்து நிற்கிறாள். இவள் என் மனைவி அல்லள் என்று அவன் கதறுகிறான். சான்றுகள் எல்லாம் அவனுக்கு எதிராக நிற்கின்றன. நாம் முழுமையாக அவன் பக்கம் நிற்கிறோம். நமக்கு அவன் காட்டிய பின்னோக்குக் காட்சியில் ஒரு துண்டு மறைக்கப்பட்டிருந்தது என்பது இறுதியில்தான் தெரிகிறது. தன் அடியால் இறந்துபட்ட மனைவியைத் தண்டவாளத்தில் கிடத்தியவன் அவனே. வந்திருப்பவள் சித்ரா அல்லள் என்று அவன் உறுதியாக அறிந்தது அதனால்தான். அவன் சொன்னது உண்மை. அவ்வுண்மையே அவன் குற்றத்துக்குச் சான்று. 'அந்த நாள்' பாத்திரங்களின் சொற்களை ஐயுறக் கற்பித்தது. 'புதிய பறவை' திரையில் கண்ணால் கண்ட காட்சியையே ஐயுறக் கற்பிக்கிறது.

மேலே கூறிய பாடல் விதி இங்கு வியக்கத்தக்க முறையில் பயன்படுகிறது. சித்ரா முன்பு மேடையில் பாடிய பாடலை மீண்டு வந்தவளும் பாடுகிறாள். மெட்டு அதுவே, குரலும் அதுவே. உணர்வு மட்டும் மகிழ்ச்சியிலிருந்து துயருக்கு மாறியிருக்கிறது. பாடல் பொய் சொல்லாது என்று நம்பிய பார்வையாளர் இவள் சித்ராவோ என்று தடுமாறுகிறார். பாடல் இங்கே பொய்ச்சாட்சி. ரயில் கண்டவிடத்து, ரயிலொலி கேட்டவிடத்துக் கோபால் நிலைகுலைவதோ மெய்ச்சாட்சி. அதனை மனைவியை இழந்தவனின் துயர் என்று நாம் பிழைபடப் பொருள் கொண்டோம். துப்பு நம் கண்முன்னேதான் இருந்தது. முதன்முறை இரக்கத்துடன் பார்த்த அதே காட்சிகளை இரண்டாம் முறை காண்பவர் குற்றவுணர்வின் வெளிப்பாடாகப் படிக்கிறார். சிவாஜி கணேசனின் நடிப்பை மிகை என்று குறை கூறுவோர் இப்படத்தில் அம்மிகைக்கு உள்ள பணியைக் கருத வேண்டும். இரு பொருள் தாங்கும் அளவுக்கு அது அகன்றிருக்க வேண்டியிருந்தது.

இதன் பின் பாடலை மர்மத்தின் கருவியாக்கும் போக்கு பரவியது. இந்தியில் 'மஹல்' (1949) தொடங்கிவைத்த, எங்கிருந்தோ ஒலிக்கும் பெண்குரல் என்னும் உத்தி, 'வோ கௌன் தீ' (1964) படத்தின் தமிழ் வடிவமான 'யார் நீ?' (1966) வழியாக இங்கும் நிலைபெற்றது. ஏ.சி. திருலோகசந்தரின் 'அதே கண்கள்' (1967) கொலையாளியின் முகத்தை மூடிக் கண்களை மட்டும் காட்டியது. பாலசந்தர் தம் வழியிலேயே 'நடு இரவில்' (1970) படத்தை எடுத்தார். ஒரே வீட்டில் அடைபட்ட உறவினர் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படும் கதை. அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவலின் சாயல் உடையது. பண்டரிபாய் இதிலும் நடித்தார். அதுவே பாலசந்தர் இயக்கிய கடைசிப் படம். அதன்பின் 1990இல் மறையும்வரை வீணையே அவருடைய வாழ்வாயிற்று.